வெளியே ஒரு சாவி

கதவு பூட்டிக்கொண்டு விட்டது. சாவியோ வீட்டுக்குள் மேசைமேல் கிடக்கிறது. இப்படி முற்றத்தில் நின்று தவித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். எங்கள் உம்மா இதற்கு எளிய வழி கண்டார். பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு மாற்றுச் சாவியைக் கொடுத்து வைத்தார். தொலைவில் இருக்கும் கணினிகளுக்கும் அப்படியொரு சாவி வேண்டும் என்பதை என் நானா பட்டுத்தான் அறிந்தார்.

நானா ஒரு தனியார் வகுப்பின் இணையத்தளத்தைப் பராமரிக்கிறார். பாடக்குறிப்புகளும் காணொளிகளும் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சேவையகத்தில் இருந்தன. மற்றக் கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுப்பதற்காக இரவு பகலாக இயங்கும் கணினியே சேவையகம். அதற்குத் திரையோ விசைப்பலகையோ பொருத்தப்பட்டிருக்கவில்லை. வலையமைப்பின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

பரீட்சைக்கு மூன்று நாட்கள் இருக்கையில், ஓர் இரவு நானா அதை மீள இயக்கினார். அது திரும்பி வரவில்லை. மாணவர்களின் அழைப்புகள் விடியும்வரை ஓயவில்லை. மறுநாள் மதியம் அங்குள்ள ஊழியர் ஒருவர் திரையைப் பொருத்திப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பழுதானது காணொளிகள் இருந்த இரண்டாவது வன்தட்டு மட்டுமே. பணிசெயல் முறைமை நலமாகவே இருந்தது. ஆனால் அந்த வன்தட்டைக் காணாததால் அது பாதி வழியில் நின்று, யாராவது வந்து கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யட்டும் எனக் காத்திருந்தது. விசைப்பலகையே இல்லாத இடத்தில்!

ஏன் இப்படி நடக்கிறது? கணினி இயங்கத் தொடங்கும்போது முதலில் தொடக்க நிரலையும், அடுத்துப் பணிசெயல் முறைமையையும் வன்தட்டிலிருந்து வாசிக்கிறது. பின்னர் மற்ற வன்தட்டுகளை இணைக்கிறது. அதன் பிறகே வலையமைப்பும், நாம் தொலைவிலிருந்து நுழையும் வழியும் திறக்கின்றன. நம்முடைய கதவு கடைசியில்தான் திறக்கிறது. முன்னைய படிகளில் எங்கே தடுக்கினாலும் நாம் வெளியேதான்.

ஆகவே அனுபவசாலிகள் சில ஏற்பாடுகளைச் செய்கிறார்கள். முதலாவது, ஒரே தரவை இரண்டு வன்தட்டுகளில் எழுதுவது. ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். இதில் ஒரு பொறி உண்டு. தொடக்க நிரல் முதல் வன்தட்டில் மட்டும் இருந்தால், அது பழுதான பின் மற்றதில் எல்லாத் தரவும் இருந்தும் கணினி எழும்பாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழிந்துவிடும் என்பதால், வேறிடத்தில் ஒரு பிரதியும் வேண்டும்.

இரண்டாவது, இன்றியமையாத வன்தட்டு எது, இல்லாமலும் சமாளிக்கக்கூடியது எது என்று கணினிக்கு முன்னரே சொல்லி வைப்பது. லினக்ஸில் இதற்கு ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை எழுதாததால்தான் நானா ஓர் இரவைத் தொலைத்தார்.

மூன்றாவது, மீட்பு முறைமை. வன்தட்டைத் தொடாமல், வலையமைப்பின் வழியே வந்து நினைவகத்தில் மட்டும் இயங்கும் சிறிய பணிசெயல் முறைமை இது. அதற்குள் நுழைந்து பழுதைச் சீர்செய்யலாம். பெரிய சேவையகங்களில் இதற்கும் மேலாக, தனி வலையமைப்பு இணைப்புடன் ஒரு சிறு கணினியே பொருத்தப்பட்டிருக்கும். பெரியது உறைந்து போனாலும், சிறியதின் மூலம் அதன் திரையைப் பார்க்கலாம், நிறுத்தி இயக்கலாம்.

சிங்கப்பூரிலாவது உதவ ஆள் இருந்தார். யாருமே போக முடியாத இடமென்றால்? 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ‘ஸ்பிரிட்’ ஊர்தி, 18ஆவது செவ்வாய் நாளில் ஒழுங்காகப் பதிலளிப்பதை நிறுத்தியது. அதன் சேமிப்பு நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தன. அவற்றைக் கையாள இடம் போதாமல் கணினி விழுந்தது, மீண்டும் எழுந்தது, மீண்டும் விழுந்தது. இப்படி 60 தடவைகளுக்கு மேல். இரவில் உறங்கவும் முடியாமல் மின்கலம் வடிந்துகொண்டிருந்தது.

அதைக் காப்பாற்றியது முன்யோசனைதான். சேமிப்பு நினைவகத்தைத் தொடாமலே எழும்பச் செய்யும் ஒரு கட்டளையைப் பொறியியலாளர்கள் முன்னரே அமைத்து வைத்திருந்தார்கள். அதை அனுப்பியதும் ஊர்தி நிலைகொண்டது. தேவையற்ற கோப்புகளை நீக்கி, பெப்ரவரியில் நினைவகத்தைப் புதிதாக ஒழுங்கமைத்தார்கள். 90 செவ்வாய் நாட்களுக்கெனத் திட்டமிடப்பட்ட அந்த ஊர்தி 2010 மார்ச் வரை பூமியுடன் பேசியது.

இரண்டு கதைகளும் சொல்வது ஒன்றே. பழுதாகக்கூடிய பொருளை நம்பி, அதைத் திருத்தும் வழியை வைக்கக் கூடாது. நானா இப்போது மாதம் ஒருமுறை, எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே மீட்பு முறைமைக்குள் ஒருதடவை போய் வருகிறார். “திறந்து பார்க்காத சாவி, சாவியே இல்லை” என்கிறார்.

இது கணினி வல்லுநர்களுக்கு மட்டுமான பாடமல்ல. நம் மின்னஞ்சலின் மீட்புக் குறியீட்டை எங்கே வைத்திருக்கிறோம்? தொலைபேசிக்குள் மட்டும் என்றால், அது தொலையும் நாளில் குறியீடும் அதனோடு போய்விடும். அதை ஒரு தாளில் எழுதி, உம்மாவின் அலுமாரியில் பத்திரப்படுத்துங்கள். அதுதான் நமது மாற்றுச் சாவி.