உத்திரத்தில் விழும் சாய்ந்த விரிசல்

கட்டுமானத் தளங்களில் கம்பிக் கூண்டு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நீளவாக்கில் செல்லும் தடித்த கம்பிகளைச் சுற்றி, மெல்லிய கம்பிகளைச் சட்டம் போல வளைத்து வரிசையாகக் கட்டுவார்கள். நம் நாட்டில் இதை 'லிங்க்' என்கிறோம். தமிழ்நாட்டுக் கொத்தனார்களுக்கு இது 'ரிங்'. நான் தொழிற்பயிற்சிக்குச் சென்ற தளத்தில் ஒருவர், "அது கூண்டு கலையாம இருக்கத்தான் தம்பி" என்றார். அந்த வேலையையும் அது செய்கிறதுதான். ஆனால், அதற்காக மட்டும் யாரும் இவ்வளவு இரும்பைச் செலவழிக்க மாட்டார்கள்!

இரு தூண்களின்மேல் கிடக்கும் உத்திரத்தை எடுத்துக்கொள்வோம். நடுப்பகுதி வளையும்போது அடிப்பக்கம் இழுபடும். அதைத் தடித்த கம்பிகள் தாங்கிக்கொள்ளும். தூண்களை ஒட்டிய பகுதியிலோ வெட்டுவிசை அதிகம். அது கான்கிரீட்டைச் சாய்வாக இழுக்கிறது. கான்கிரீட்டின் இழுவலிமை, அதன் அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். எனவே சுமார் 45 பாகையில் விரிசல் விழுகிறது. அதன் குறுக்கே நிற்கும் லிங்க்குகளே இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், விரிசல் விழும்வரை அவற்றுக்கு வேலையே இல்லை எனலாம்.

இடைவெளிதான் இங்கு முக்கியம். பயனுறு ஆழம் 450 மி.மீ. என்றால், 45 பாகை விரிசல் கிடைவாக்கில் 450 மி.மீ. தூரம் ஓடும். 150 மி.மீ.க்கு ஒன்றாக 10 மி.மீ. லிங்க் வைத்தால் மூன்று லிங்க்குகள் அதைக் கடக்கும். 500 தர இரும்பில், வடிவமைப்புக் கணக்கின்படி அவை சுமார் 20 டன் தாங்கும். இடைவெளியை 300 ஆக்கினால் அது பாதியாகிவிடும். 450ஐத் தாண்டினால், எந்த லிங்க்கையும் தொடாமலே விரிசல் நழுவிவிடலாம். இடைவெளி ஆழத்தில் முக்கால் பங்கை மீறக் கூடாது என்ற விதியின் காரணம் இதுதான். அதற்காக லிங்க்கை அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. ஓர் எல்லைக்குமேல் விரிசல்களுக்கு இடைப்பட்ட கான்கிரீட்டே நசுங்கிவிடும்.

வளைந்து பழுதாகும் உத்திரம், முறைப்படி வடிவமைத்திருந்தால், தொய்ந்து, வெடித்து, எச்சரிக்கை தரும். வெட்டுவிசையில் முறிவது அப்படியன்று. லிங்க் இல்லாவிட்டால் திடீரென்று முறியும். 1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், வில்கின்ஸ் விமானப்படைக் கிடங்கின் கூரையில் ஒரு பகுதி சரிந்தது. உத்திரங்களின் ஆழம் 914 மி.மீ. இருந்தும், முறிந்த இடத்தில் லிங்க் இல்லை. கான்கிரீட் சுருங்கியதால் உண்டான இழுவிசையும் சேர்ந்துகொள்ள, பெரும்பாலும் கூரையின் சொந்த எடையிலேயே அவை முறிந்தன. அதன்பின் ஆய்வுகள் பெருகின. அமெரிக்க விதிகள் கடுமையாயின. இன்று, கணக்கில் தேவையில்லை என்று வந்தாலும், முக்கிய உத்திரங்களில் குறைந்தபட்ச லிங்க் வைத்தே ஆக வேண்டும்.