சேம்பின் அயல்நாட்டு உறவு: வீட்டுக்குள் அலோகேசியா வளர்ப்போர் கவனத்திற்கு

வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள் டயாலிசிஸ், எஞ்சிய நாட்களில் வீடு என்ற சுழற்சியில் வாழ்வோருக்கு, இருக்கும் அறையே உலகமாகிவிடுகிறது. அந்த அறையின் சன்னலோரத்தில் பசுமையாக ஏதேனும் ஒன்று இருக்கட்டும் என்று விரும்புவது இயல்பு. சிறுநீரகவியல் பிரிவில் பணிபுரியும் எங்களிடம் நோயாளர்களும் குடும்பத்தினரும் இது குறித்துக் கேட்பதுண்டு. செடி வளர்க்கலாமா, எந்தச் செடி, யார் பராமரிப்பது என்னும் கேள்விகளுக்கு, இன்று பல நாற்றுப்பண்ணைகளில் கண்ணைக் கவரும் அலோகேசியாவை முன்வைத்து விடை கூற முயல்கிறோம்.

கருமை கலந்த பச்சை இலை, அதன்மேல் வெள்ளிக்கோடுகளாக நரம்புகள், அலையலையான விளிம்பு: இதுவே அலோகேசியா அமேசானிக்கா. ‘ஆப்பிரிக்க முகமூடி’ என்றும் இதனை அழைக்கின்றனர். ஆயினும் இச்செடிக்கு ஆப்பிரிக்காவோடும் உறவில்லை, அமேசான் காட்டோடும் உறவில்லை. அமெரிக்காவின் மியாமி நகரில் ‘அமேசான்’ என்னும் பெயரில் நாற்றுப்பண்ணை நடத்தியவர் 1950களில் உருவாக்கிய கலப்பினம் இது. பண்ணையின் பெயரே செடிக்கு வாய்த்தது. இதன் பெற்றோருள் ஒன்றான அலோகேசியா சாண்டேரியானா, பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவுக்கு உரியது. வீடுகளில் பெருகிய அச்செடி, தான் பிறந்த காட்டில் அழியும் நிலையில் உள்ளது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் வீட்டுச்செடி மோகம் பெருகியபோது, காட்டிலிருந்து அரிய செடிகளைப் பிடுங்கி விற்பதற்கு எதிராக அந்நாட்டு அரசு எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. எனவே வாங்குவோர், திசு வளர்ப்பிலோ பண்ணையிலோ உண்டாக்கிய கன்றையே கேட்டு வாங்குதல் நன்று.

நமக்கு நெருக்கமான உறவு வேறொன்று உண்டு. வாய்க்கால் ஓரத்துச் சேம்பு, நம் சமையலறையின் சேனை, கருணை ஆகியவை பிறந்த குடும்பத்திலேயே அலோகேசியாவும் பிறந்தது. சேனையை நறுக்கும் கை அரிப்பதையும், புளி சேர்த்து நன்கு வேகவைத்தாலன்றி நாக்கு நமைப்பதையும் மதுரையில் அறியாதவர் இல்லை. அந்த அரிப்புக்குக் காரணம், செல்களுக்குள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். சிறுநீரகக் கற்களுள் பெரும்பான்மையானவையும் இதே கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவையே. இதைக் கேட்டதும் அஞ்ச வேண்டியதில்லை. செடியைத் தொடுவதாலோ வீட்டில் வைப்பதாலோ எவருக்கும் கல் உண்டாகாது. செடியைக் கடித்தால்தான் ஆபத்து.

முதலில் பாதுகாப்பு

அலங்கார அலோகேசியாவின் இலை, தண்டு, கிழங்கு எதுவும் உண்ணத்தக்கதன்று, சமைத்தாலும் கூடாது. தவழும் குழந்தைகள், நினைவு தடுமாறும் முதியவர்கள், வளர்ப்பு விலங்குகள் உள்ள வீட்டில் இதனைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அதற்கு வழியில்லையெனில் தவிர்த்துவிட வேண்டும்.

யாரேனும் கடித்துவிட்டால், வாயிலுள்ள துண்டுகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, நீரால் கொப்பளிக்கச் செய்க. விழுங்க முடிந்தால் குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. நாக்கோ உதடோ வீங்கினாலும், எச்சில் வடிந்தாலும், குரல் மாறினாலும், மூச்சு திணறினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருக. கடித்த இலையையும் கொண்டுவருக. சாறு கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவியபின் கண் மருத்துவரை அணுகுக.

எங்கள் நோயாளர்களுக்கு மேலும் சில செய்திகள். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் எதிர்ப்பாற்றலை மருந்துகளால் குறைத்து வைத்திருக்கிறோம். தொட்டி மண்ணிலும் மட்கிய எருவிலும் வாழும் அஸ்பெர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகள் பிறருக்குத் தீங்கு செய்யாவிடினும் இவர்களின் நுரையீரலைத் தாக்கக்கூடும். ஆகையால் மண் கிளறுதல், தொட்டி மாற்றுதல் ஆகியவற்றை வீட்டில் மற்றவர் செய்யட்டும். குறிப்பாக, அறுவை சிகிச்சைக்குப் பின்வரும் முதல் சில மாதங்களில் செடி அவர்களின் படுக்கையறையில் இருக்க வேண்டாம். வயிற்று டயாலிசிஸ் செய்யும் அறையிலும் மண்தொட்டி கூடாது. கையில் ஃபிஸ்துலா உள்ளவர்கள் அந்தக் கையால் கனமான தொட்டியைத் தூக்கலாகாது. உறவினரைக் காண வருவோர் மண்தொட்டியை வார்டுக்குள் கொண்டுவருவதையும் தவிர்க்குமாறு வேண்டுகிறோம்.

ஒளி: கொடிக்கால் காட்டும் வழி

வீட்டுச்செடி காற்றைத் தூய்மையாக்கும் என்னும் நம்பிக்கை, 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவியது. அந்த ஆய்வு மூடிய சிறு கூண்டில் நடந்தது. பின்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கட்டுரை, சன்னலைத் திறந்து வைப்பதால் கிடைக்கும் பயனைச் செடிகளால் பெற வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் குறைந்தது 10 செடிகளாவது தேவை என்று கணக்கிட்டது. ஆகவே காற்றுக்காகச் செடி வாங்க வேண்டாம். கண்ணுக்காகவும் மனத்துக்காகவும் வாங்குவோம். 1984இல் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச், பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்றவர்களுள், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று விரைவாக வீடு திரும்பினர் என்றும், வலுவான வலிமருந்து அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது என்றும் எழுதினார். அது 46 பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு. ஆயினும் பசுமையைக் காண்பது நலம் என்னும் நம் பட்டறிவோடு அது ஒத்துப்போகிறது.

அலோகேசியாவுக்கு எத்தகைய ஒளி வேண்டும் என்பதை அறியச் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலை நினைத்துப் பார்க்கலாம். அகத்தி மரங்களின் மெல்லிய இலைகளூடே சல்லடையாக இறங்கும் வெளிச்சத்தில்தான் வெற்றிலை தழைக்கிறது. மழைக்காட்டு மரங்களின் கீழ் வளர்ந்த அலோகேசியாவுக்கும் அவ்வாறான ஒளியே உகந்தது. கிழக்குச் சன்னலின் காலை வெயில் போதுமானது. சித்திரை, வைகாசியில் 40 பாகையைத் தொடும் மதுரை வெயில் நேரே பட்டால் இலை கருகிவிடும். மேற்குச் சன்னலெனில் மெல்லிய திரை வேண்டும். இருண்ட மூலையில் வைத்தால் தண்டு நீண்டு மெலிந்து சாயும்.

நீர்: அளவே மருந்து

எங்கள் பிரிவில் ஒரே நாளில் இருவேறு அறிவுரைகளை நாங்கள் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். கல் உண்டானவரிடம் நிறைய நீர் அருந்துமாறு வற்புறுத்துகிறோம். டயாலிசிஸ் செய்துகொள்பவரிடம், நாளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து தருகிறோம். நீர் ஒன்றே, பெறும் உடலின் நிலை வேறு. அன்பு மிகுதியால் ‘இன்னும் ஒரு டம்ளர்’ என்று ஊட்டுவது சிலருக்கு மூச்சுத்திணறலாக முடியும்.

வீட்டில் வளரும் அலோகேசியாக்கள் பெரும்பாலும் அழிவது நீரின்மையால் அன்று. அன்றாடம் தவறாமல் ஊற்றும் நீரால். வேருக்கும் காற்று வேண்டும். எப்போதும் நனைந்திருக்கும் மண்ணில் காற்றுக்கு இடமின்றி வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது; இலை வாடும். வாடுவதைக் கண்டு மேலும் ஊற்றுவோம். எனவே நாள் கணக்கு வேண்டாம். விரலை மண்ணில் இரண்டு கணு அளவு நுழைத்துப் பாருங்கள். மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். வடிந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

நம் கரிசல் மண் நீரைப் பிடித்துவைக்கும் இயல்புடையது, தொட்டிக்கு ஆகாது. தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது பருமணல் ஒரு பங்கு, கரித்துண்டு சிறிது என்ற கலவை பொருந்தும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் இலை விளிம்பைப் பழுப்பாக்கும். மழைநீரோ, வீட்டுச் சுத்திகரிப்பியில் வடித்த நீரோ நன்று. டயாலிசிஸ் எந்திரத்துக்கும் நாங்கள் உப்பு நீக்கிய நீரையே பயன்படுத்துகிறோம்.

ஈரப்பதமும் கொசுவும்

மழைக்காட்டுச் செடிக்கு ஈரக்காற்று விருப்பம். மதுரையின் கோடைக் காற்றும் குளிரூட்டியின் காற்றும் வறண்டவை. குளிரூட்டியின் காற்று நேரே படாத இடத்தில் செடியை வையுங்கள். வறட்சியில் இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் பற்றும். வாரம் ஒருமுறை இரு பக்கமும் ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

ஈரப்பதத்துக்காகத் தொட்டியின் கீழ்க் கூழாங்கல் தட்டில் நீர் நிரப்பி வைப்பது வழக்கம். அந்த நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்கள் போதும். நீர் வற்றினாலும் தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகையால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, தட்டையும் கற்களையும் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். புட்டியில் வைத்த மணிபிளான்ட்டுக்கும் இதுவே விதி. டெங்கு சிகிச்சையில் திரவத்தை அளந்து கொடுப்பது எவருக்கும் நுட்பமான பணி. சிறுநீர் பிரியாத நோயாளருக்கு அது மிகக் கடினம். வாரந்தோறும் கழுவ ஆளில்லாத வீட்டில் தட்டே வேண்டாம்.

இலை உதிர்ந்தால்

புதிய இலை விரியும்போது பழைய இலை ஒன்று மஞ்சளாவது இயற்கை. மார்கழிக் குளிரிலோ, குளிரூட்டிய அறையிலோ, இடம் மாற்றியபோதோ எல்லா இலைகளும் உதிர்ந்து தொட்டி வெறுமையாகத் தோன்றுவதும் உண்டு. செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். கையுறை அணிந்து மண்ணை விலக்கிக் கிழங்கை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது உறங்குகிறது. நீரைப் பெரிதும் குறைத்து, உரமிடாமல், வெளிச்சத்தில் விட்டுவையுங்கள். வெயில் ஏறும் மாசி, பங்குனியில் குருத்து வரக்கூடும். கூழாகி நாற்றமடித்தால் மட்டுமே அது அழுகியது.

தாய்க்கிழங்கைச் சுற்றிக் கொண்டைக்கடலை அளவில் சிறு கிழங்குகள் இருக்கும். அவற்றை ஈர நார்த்தூளில் வைத்தால் சில வாரங்களில் முளைக்கும். விலை கொடுத்து மற்றொன்று வாங்க வேண்டியதில்லை. டயாலிசிஸ் பிரிவில் அடுத்த நாற்காலியில் அமர்பவரின் வீட்டுக்கும், அங்கே குழந்தைகள் உள்ளனரா என்று கேட்டபின், ஒன்று கொடுக்கலாம்.

செடி வாங்கும்முன் உங்கள் வீட்டு நிலையை அடுத்த பரிசோதனையின்போது எங்களிடம் கூறுங்கள். மருந்து மாறும்போதும், மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதும் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். சென்ற ஆண்டு கூறிய விடை இந்த ஆண்டுக்குப் பொருந்தாமலும் போகலாம்.