காயலுக்குள் ஓர் ஓட்டல்: யாரிடம் அனுமதி கேட்பது?

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில், சேர்த்தலைப் பக்கம், வேம்பநாட்டுக் காயலுக்குள் நெடியத்துருத்து என்றொரு தீவு இருக்கிறது. பாணாவள்ளி ஊராட்சிக்கு உட்பட்ட அந்தத் தீவில் காப்பிகோ நிறுவனம் 54 வில்லாக்களோடு ஒரு சொகுசு விடுதியைக் கட்டியது. கடலோரச் சட்டத்தை மீறிய கட்டடம் என்று 2013 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடிப்பு வேலை தொடங்கியதோ 2022 செப்டம்பரில். கடைசியில் சட்டம் வென்றது என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. கட்டத் தொடங்குமுன் ஒரு தாளில் முடிந்திருக்க வேண்டிய ‘முடியாது’ என்ற பதில், பல கோடி ரூபாய்க் கட்டடம் எழுந்து நின்ற பிறகு, வருடக்கணக்கான வழக்குக்குப் பிறகு வந்தது. கடலோர ஈரநிலத்தில் ஓட்டல் கட்ட அனுமதி கேட்பவருக்கு முதல் நாளே பதில் சொல்லிவிட வேண்டும், அதுவும் அந்தத் தண்ணீரில் தொழில் செய்பவர்களைக் கேட்ட பிறகே சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். இன்றைய நடைமுறையில் இந்த இரண்டுமே ஒழுங்காக நடப்பதில்லை.

முதலில், காயல் என்பது வெறும் காட்சியல்ல. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவரும் நன்னீரும், கொச்சி முகத்துவாரம் வழியாக ஏறிவரும் கடல்நீரும் கலக்கும் இடம் வேம்பநாடு. உப்பு கூடும் மாதமும் குறையும் மாதமும் மாறி மாறி வருவதால்தான் கடலில் முட்டையிடும் இறாலின் குஞ்சுகள் இங்கே வந்து வளர்கின்றன. கரிமீனும் கருப்புச் சிப்பியும் இங்கே கிடைக்கின்றன. கரையோரச் சேறும் கண்டல் வேரும் ஆழமில்லாத விளிம்பும்தான் இந்த வேலையைச் செய்யும் இடங்கள். ஓட்டல் கேட்பதும் சரியாக அந்த விளிம்பைத்தான், ஏனென்றால் அறையின் ஜன்னல் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வெள்ளக் காலத்தில் ஆற்றுநீர் பரவி நிற்பதற்கும் இதே விளிம்புதான் இடம். 2002இல் ராம்சர் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக வேம்பநாடு அறிவிக்கப்பட்டதற்கு இவையெல்லாம் காரணம். சட்டமும் உப்பை அளந்தே தன் எல்லையைப் போடுகிறது. கோடையின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை ஏறுகிறதோ, அதுவரை ஆறும் கழிமுகமும் காயலும் கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் வரும்.

இந்த மண்டலத்துக்கான அறிவிக்கை 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரியில் வந்தது. அதையொட்டிப் பின்னர் வளர்ந்த நடைமுறைப்படி ஊராட்சியோ நகராட்சியோ தரும் கட்டட அனுமதி மட்டும் போதாது. உயர் ஓதக் கோடும் தாழ் ஓதக் கோடும் குறித்த பெரிய அளவு வரைபடம், சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சம்மதம் ஆகியவற்றோடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் போக வேண்டும். இடத்தின் வகையைப் பொறுத்து விண்ணப்பம் அங்கேயே முடியும், அல்லது தில்லிக்குப் போகும். நெடியத்துருத்தில் ஊராட்சியின் அனுமதி இருந்தது, மேலாண்மை ஆணையத்தின் அனுமதி இல்லை. கொச்சி மரடில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கதையும் இதேதான். உள்ளூர் அனுமதிதான் எளிதில் கிடைப்பது, முதலில் கிடைப்பதும் அதுவே. அதைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக் கடன் வாங்கலாம், அஸ்திவாரம் போடலாம். அதன்பின் பெரிய அனுமதியைக் கேட்கப் போகிறவர் கையில் விண்ணப்பத்தோடு, ஏற்கெனவே போட்ட முதலீடும் ஒரு வாதமாக இருக்கிறது.

அனுமதி கேட்பவர்கள் விதியையே மாற்றித்தரச் சொல்லிக் கேட்டதும் உண்டு. 1991 அறிவிக்கை வந்தவுடன் அதைத் தளர்த்தச் சொல்லி அரசிடம் போனவர்கள் சுற்றுலா, ஓட்டல் தொழில்துறையினர். பி.பி. வோரா தலைமையில் குழு அமைந்தது. 1994 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. ஓதம் ஏறும் ஆறுகளின் கரையில் கட்டுமானம் கூடாத 100 மீட்டர் 50 ஆகச் சுருங்கியது, மற்ற இடங்களில் விலக்கு தரும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் ரத்து செய்தது. குறைத்ததற்குக் காரணம் காட்டப்படவில்லை, வழிகாட்டும் வரையறை இல்லாத அதிகாரம் செல்லாது என்பது அதன் கருத்து. ஆனாலும் அளவுகோல் நிற்கவில்லை. 2011 அறிவிக்கை கேரளத்தின் காயல் தீவுகளுக்கு 50 மீட்டர் விளிம்பைக் காத்தது, அதற்கு அப்பாலும் உள்ளூர் மக்களின் வீடுகளுக்கே இடம் தந்தது. மீன் காயவைக்கும் களத்துக்கும் வலை பின்னும் இடத்துக்கும் விளிம்பிலேயே அனுமதித்தது. 2019 அறிவிக்கையில் அந்த 50 மீட்டர் 20 ஆகிவிட்டது. ஓதம் மட்டும் பழையபடியே ஏறி இறங்குகிறது.

இனி, தண்ணீரில் தொழில் செய்பவர்களின் சொல் எங்கே கேட்கிறது என்று பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடத் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விட்டுவிட்டது. ஓட்டலும் அதன் கண்ணுக்கு ஒரு கட்டடம்தான். பாதிப்பு அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவர் விண்ணப்பதாரர். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளாவது கைகொடுக்குமா என்றால், கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் வரும் ஈரநிலங்களுக்குத் தாங்கள் பொருந்தமாட்டோம் என்று அவை ஒதுங்கிக்கொள்கின்றன. ஆக, மத்திய விதிகளில் காயல் விளிம்புக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கடலோர அறிவிக்கைதான். அது பார்ப்பது கோட்டுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதை. அந்த இடத்தில் யாருடைய வலை நிற்கிறது என்ற கேள்வி விண்ணப்பத்தின் மையத்தில் இல்லை. நெடியத்துருத்து வழக்கே ஊன்றுவலை போட்டுப் பிழைத்த மீனவர்கள் நீதிமன்றப் படியேறியதால் எழுந்தது என்பதை இங்கே நினைக்க வேண்டும். அனுமதிக் கட்டத்தில் அவர்களைக் கேட்டிருந்தால் ஒரு நாள் கூட்டத்தில் தெரிந்திருக்கும் விஷயம் அது.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. வலுவானது வேலைவாய்ப்பு. மீன்பாடு குறைந்துவரும் கரையில் இளைஞர்களுக்கு ஓட்டல் மாதச் சம்பளம் தரும், சாலை வரும் என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் காயல் விளிம்பு ஏற்கெனவே வேலை கொடுத்துக்கொண்டிருக்கும் இடம்: வலைக்காரர், சிப்பி வாருபவர், மீன் விற்கும் பெண்கள், சுண்ணாம்புக்குச் சிப்பி ஓடு சேர்ப்பவர். புதிதாக வரும் வேலையைக் கூட்டும்போது போகும் வேலையையும் கழிக்க வேண்டும். எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்தக் கழித்தல் நேர்மையாக நடப்பதைக் காண்பது அரிது. தவிர, சுற்றுலா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவத்தையும் மாற்றாமல் உள்ளூர்க்காரர்கள் விருந்தினரைத் தங்கவைக்கச் சட்டம் இடம் தருகிறது. கட்டுமானம் கூடாத பகுதிக்கு வெளியே ஓட்டலும் கட்டலாம். 2011 அறிவிக்கை அதற்கு வைத்த நிபந்தனைகள் நியாயமானவை: உயரம் 9 மீட்டரைத் தாண்டக்கூடாது, தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடிதான், உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக்கூடாது, இரண்டு விடுதிகளுக்கு நடுவே மக்கள் கடற்கரைக்குப் போக 20 மீட்டர் அகல வழி விட வேண்டும். இவ்வளவுக்கு உட்பட்டுக் கட்டத் தயாரில்லாத முதலீட்டுக்காகக் காயல் இடம் விட வேண்டும் என்பதற்கு நியாயம் தெரியவில்லை.

‘இத்தனை பெரிய காயலில் ஒரு சின்னத் தீவு, அதுவும் புதர் மண்டிக் கிடந்தது’ என்பது இன்னொரு வாதம். ஈரநிலத்தை யாரும் ஒரே நாளில் விழுங்குவதில்லை; பந்தியில் ஆளுக்கொரு கரண்டி என்று அள்ளியே அண்டா காலியாகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பார்த்தால் எதுவுமே சிறியதாகத்தான் தெரியும். அதே பாணாவள்ளியில் வெற்றிலைத்துருத்து என்ற இன்னொரு தீவின் விடுதியும் உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஆகஸ்டில் தோற்றது. ஆக, கேட்பவர் ஒருவர் மட்டும் அல்ல. கழிவுநீரைச் சுத்திகரிக்கிறோம், சூரிய மின்சாரம் வைக்கிறோம் என்று ‘பசுமை விடுதி’ பேசுபவர்களுக்கும் இதே பதில்தான். சாக்கடையைச் சுத்தம் செய்யலாம், மண்கொட்டி மேடாக்கிய சேற்றுத்தரையை எந்த இயந்திரமும் திருப்பித் தராது. படகுத்துறை, கரைச்சுவர், இரவு விளக்கு, வலை போட்ட தடத்தில் விரையும் மோட்டார் படகு என்று விடுதியின் நடமாட்டம் சுவரோடு நிற்பதுமில்லை. பட்டா இருக்கிறதே என்றால், பட்டா சொல்வது நிலம் யாருடையது என்பதை மட்டும்தான். அதில் என்ன கட்டலாம் என்பது வேறு கேள்வி.

எனக்குச் சற்றே தயக்கம் தரும் எதிர்வாதம் ஒன்றுதான்: கட்டி முடித்ததை இடிப்பது யாருக்கு லாபம்? கான்கிரீட் தூளும் இரும்பும் அதே காயலில்தானே விழும்? அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமே? இடிபாடும் ஒரு மாசுதான், மறுக்க முடியாது. மரடில் வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தரும்படி நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. தவறிய அனுமதிக்கு முதலில் பணம் கட்டியது பொதுக்கருவூலம். ஆனால் அபராதத்தோடு விட்டால் அந்த அபராதமே அனுமதிக் கட்டணமாகிவிடும். அடுத்துக் கட்டப்போகிறவர் அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வருவார். கட்டிய பிறகு சுற்றுச்சூழல் அனுமதி தரும் முறையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் மூவர் அமர்வு, ஒருவர் மாறுபட, அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. பெரும்பான்மை நீதிபதிகள் எடைபோட்டவற்றில் இடிப்பால் வரும் பண இழப்பும் ஒன்று. காப்பிகோ தீர்ப்பின் உறுதி இன்று அவ்வளவு நிச்சயமானதல்ல. அதனால்தான் முதல் பதில் முன்பைவிட முக்கியமாகிறது. ஆரம்பத்திலேயே மறுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்கு நஷ்டம் வரைபடக்காரருக்குக் கொடுத்த கூலியோடு முடியும். மறுப்பு அவருக்கும் நல்லது.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மேலாண்மை ஆணையத்தின் அனுமதி எண் இல்லாமல் கடலோர ஊராட்சி எதுவும் கட்டட அனுமதி தரக்கூடாது, அங்கே ஓட்டல் என்றால் அளவு எதுவானாலும் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். இரண்டையும் அரசாணைகளால் செய்ய முடியும். மூன்றாவது வேலை, வரைபடத்தைச் சரிபார்ப்பது, மக்களுடையது. தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கும் அது பொருந்தும். மன்னார் வளைகுடா வேம்பநாட்டைப் போலவே அறிவிக்கையில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட, எளிதில் பாதிப்புறும் கடலோரப் பகுதி. பழவேற்காடும் பிச்சாவரமும் இதே உப்பும் நன்னீரும் கலக்கும் நிலங்கள். மீனவர் குடியிருப்பையும் அவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது சட்டம்; தமிழ்நாட்டு வரைவு வரைபடத்தில் அவை விடுபட்டிருக்கின்றன என்று 2023இல் மீனவர் அமைப்புகள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் போராடின. வரைபடத்தில் இல்லாத வலைக்களம், விண்ணப்பம் வரும்போது காலி நிலமாகத்தான் தெரியும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் ஊரின் வரைபடத்தை மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, வலை காயும் இடமும் படகு நிற்கும் இடமும் அதில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கொடுங்கள்.