இறந்தவர்க்குரிய நறுமணம்

மேலை நாடுகளில் வாசனைத் திரவியங்களைக் கையால் கலந்து விற்கும் சிறு தொழிற்கூடங்கள் சில, விருந்துக்கும் காதலுக்கும் உரியதாகவே பெரிதும் கருதப்பட்டு வந்த இக்கலையைத் துக்கத்தின் பக்கம் திருப்பி, பண்டைய ரோமானியரின் ஈமச் சடங்குகளை நினைவூட்டும் கலவைகளை ஆக்கி வருகின்றன. சைப்ரஸ் மரத்தின் கசப்பு கலந்த பச்சை வாடை, வயலெட் பூவின் மெல்லிய இனிப்பு, ரோஜா, வெள்ளைப்போளம், கசந்த மூலிகைகள் ஆகியவற்றால் ஆன இத்தகைய மணத்தை உடலில் பூசிக்கொள்வோர் அறிந்திருக்க வேண்டிய வரலாற்றுச் செய்தி ஒன்று உண்டு: ரோமில் ஈமச் சடங்கின் நறுமணங்கள் யாவும் இறந்தவர்க்கே உரியவையாக இருந்தன, துக்கம் காத்தவர்கள் வாசனை எதையும் பூசிக்கொள்ளவில்லை. அவர்கள் மங்கிய கருநிற ஆடை உடுத்தி, ஆண்கள் முடியும் தாடியும் திருத்தாமலும், பெண்கள் கூந்தலை முடியாமலும், குளியலையும் ஒப்பனையையும் விலக்கியே அந்நாட்களைக் கழித்தனர். ஆகவே இன்று ஒருவர் அணியும் ‘ரோமானியத் துக்க வாசனை’ என்பது துக்கப்பட்டவரின் மேனியில் இருந்த மணம் அன்று. அவர் நின்றிருந்த அறையிலும், சிதையிலும், கல்லறையிலும் இருந்த மணமே அது.

அந்த அறையைக் கண்ணால் காண்பதற்கு வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம் துணை செய்கிறது. ஹத்தேரி என்னும் குடும்பத்தின் கல்லறையைச் சேர்ந்ததும் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்டதுமான அச்சிற்பத்தில், வீட்டின் நடுக்கூடத்தில் உயர்ந்த கட்டிலின்மேல் ஒரு பெண்ணின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. அதனைச் சுற்றிப் பந்தங்களும் விளக்குகளும் எரிய, பெண்கள் கூந்தலை அவிழ்த்து மார்பில் அறைந்துகொள்ள, ஒருவர் குழலூத, ஒருவர் மாலையொன்றைச் சாத்த முனைகிறார். இத்தகைய காட்சிக்கு முன்பே உடலைக் கழுவி எண்ணெயும் நறுமணத் தைலமும் பூசும் வேலை முடிந்திருக்கும். அதனைச் செய்தவர் பொல்லிங்டோர் எனப்பட்ட தொழிலாளி. எஸ்குவிலின் குன்றில் இருந்த லிபிட்டினா என்னும் சாவுத் தெய்வத்தின் சோலையை மையமாகக் கொண்டு ஈமக் காரியங்களை ஒப்பந்தமாக எடுத்து நடத்தியவர்களிடம் இவர் வேலை பார்த்தார். வசதி படைத்த வீடுகளில் உடல் சில நாட்கள் கிடத்தப்பட்டிருந்ததனால், தைலமும் புகையும் மரியாதைக்கு மட்டுமன்றி நாற்றத்தை அடக்குவதற்கும் தேவைப்பட்டன.

வாசலில் ஒரு சைப்ரஸ் கிளை வைக்கப்பட்டது. பாதாளத்தின் தலைவனான டீஸ் என்னும் தெய்வத்துக்குரிய மரம் அது என்றும், துக்கத்தின் அடையாளமாக அதன் கிளை வீட்டு வாசலில் வைக்கப்பட்டது என்றும் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலில் குறித்துள்ளார். இதற்குப் பழையோர் கூறிய காரணங்களுள் ஒன்று, வெட்டிய சைப்ரஸ் மீண்டும் தளிர்ப்பதில்லை என்பது; மற்றொன்று, சாவுத் தீட்டுப் பட்ட வீட்டுக்குள் குருமார் அறியாமல் நுழைந்துவிடக் கூடாது என்பது. எரிகின்ற உடலின் நாற்றம் சூழ நிற்பவர்களைத் தாக்காமலிருக்கச் சிதையைச் சுற்றியும் சைப்ரஸ் வைக்கப்பட்டது என்ற விளக்கமும் ரோமானிய உரையாசிரியர்களிடம் உண்டு. இந்த மரம் பெரும்பாலும் உயர்குடியினரின் சாவுக்கே வைக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்; ஏழைகள் வாழ்ந்த மாடிக் குடியிருப்புகளின் வாசலில் அது எப்போதும் நின்றிருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

செல்வர்களின் சிதையில் எரிந்த நறுமணப் பொருள்களின் அளவு அக்காலத்தவரையே திகைக்க வைத்தது. கி.மு. 78இல் இறந்த சர்வாதிகாரி சுல்லாவின் ஈம ஊர்வலத்தில் பெண்கள் அளித்த வாசனைப் பொருள்கள் 210 சுமைகளாகத் தூக்கிச் செல்லப்பட்டன என்றும், குந்திரிக்கமும் லவங்கப்பட்டையும் கொண்டே அவருடைய உருவம் ஒன்று வடிக்கப்பட்டது என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். (குந்திரிக்கம் என்பது தென் அரேபியாவிலும் சோமாலியக் கரையிலும் வளரும் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின், வெள்ளைப்போளமும் அவ்வாறே அப்பகுதிகளின் வேறொரு முள்மரத்திலிருந்து வடிவது.) கி.பி. 65இல் நீரோ மன்னன் தன் மனைவி பொப்பேயாவின் ஈமச் சடங்கில் அரேபியா ஓராண்டில் விளைவிக்கும் வாசனைப் பொருள்களைவிட அதிகமாக எரித்தான் என்று பிளினி குறைப்பட்டுக்கொள்கிறார். இந்தியா, சீனா, அரேபியா ஆகிய மூன்றும் ரோமப் பேரரசிலிருந்து ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சிக்கொள்கின்றன என்ற அவருடைய புகழ்பெற்ற கணக்கும் இதே இடத்தில்தான் வருகிறது. அந்தக் கணக்கைப் பொருளியல் வரலாற்றுச் சான்றாக மேற்கோள் காட்டுவோர், அது ஈமச் சடங்கின் ஆடம்பரத்தைக் கண்டித்து எழுதப்பட்ட பகுதி என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

அந்த வணிகத்தின் ஒரு நுனி சேர நாட்டு முசிறியில் இருந்தது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஆவணம் ஒன்று, முசிறியிலிருந்து திரும்பிய ஹெர்மாபொல்லோன் என்னும் கப்பலின் சரக்கில் தந்தத்தோடு கங்கைப் பகுதி சடாமாஞ்சில் 60 பெட்டிகளில் இருந்ததைப் பதிவு செய்துள்ளது. தமிழ் விவிலியத்தில் நளதம் என்று வழங்கும் இந்த இமயமலை மூலிகையின் வேர்ப்பகுதியிலிருந்து எடுத்த தைலம் ரோமில் மிக உயர்ந்த விலைக்குப் போயிற்று. ஆனால் அது சாவுக்கென்றே அமைந்த பொருள் அன்று. விருந்தில் தலைக்குப் பூசியதும் அதுவே, பிணத்துக்குப் பூசியதும் அதுவே. ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸின் கதையில் திரிமால்கியோ என்ற புதுப்பணக்காரன் விருந்தின் நடுவே தன் சவக்கோடியை எடுத்துவரச் செய்து, சடாமாஞ்சில் தைலக் குப்பியைத் திறந்து விருந்தினர்மேல் பூசுகிறான். அதே தைலம், அதே விருந்து மேசை, எனினும் அது ஈமத்துக்கென வைத்திருந்தது என்று சொல்லப்பட்டவுடன் அங்கிருப்போர்க்கு அருவருப்பு மூண்டுவிடுகிறது.

சாவுக்கென ஒதுக்கப்பட்ட பொருளுக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவான பொருளுக்கும் உள்ள இந்த வேறுபாடு இன்றைய கலவைகளை மதிப்பிடுவதற்குப் பயன்படும். ரோமானியத் துக்கம் என்ற பெயரில் குந்திரிக்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் அள்ளிச் சேர்த்தால், முடிவில் எழுவது கத்தோலிக்கத் தேவாலயத்தின் வாசனையாகவே இருக்கும். ஏனெனில் அப்பிசின்களின் புகை ரோமில் கோயிலுக்கும் சிதைக்கும் பொதுவாக இருந்து, பின்னர் கிறித்தவ வழிபாட்டோடு ஒன்றிவிட்டது. ஈமத்தில் அவற்றை மட்டுமீறிப் பயன்படுத்துவதை ரோமின் பழஞ்சட்டமே ஏற்கவில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் தொகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம், ஈமத்தில் விலையுயர்ந்த வாசனை நீர் தெளிப்பதையும் நீண்ட மாலைகளையும் தூபப் பெட்டிகளையும் தடுத்ததாகச் சிசெரோ தெரிவிக்கிறார். குழலூதுவோர் எண்ணிக்கையையும் அச்சட்டம் பத்தாகக் குறுக்கியது. துக்கத்தின் அளவு செலவின் அளவால் காட்டப்படக் கூடாது என்ற எண்ணம் அங்கே தொடக்கத்திலேயே இருந்தது, பிற்காலச் செல்வம் அதனை மூடிவிட்டாலும்.

அந்த எளிமை ஆண்டுதோறும் வரும் நீத்தார் வழிபாட்டில் தங்கி நின்றது. பிப்ரவரி 13 முதல் 21 வரை நடந்த பேரன்டாலியா என்னும் முன்னோர் நாட்களில் குடும்பத்தார் ஊருக்கு வெளியே சாலையோரம் இருந்த கல்லறைகளுக்குச் சென்றனர். அப்போது படைக்க வேண்டியவையாகக் கவிஞர் ஓவிட் தம் நாட்காட்டிக் காவியத்தில் குறிப்பிடுபவை ஒரு மாலை, சிறிது தானியம், சிறிது உப்பு, திராட்சை மதுவில் நனைத்த ரொட்டி, உதிரி வயலெட் பூக்கள் ஆகியவையே. இவற்றுள் விலையுயர்ந்தது எதுவும் இல்லை. இதனையன்றி வயலெட் நாள் என்றே வேனில் தொடக்கத்தில் ஒரு நாளும், ரோஜா மலரும் மே, ஜூன் மாதங்களில் ரோசாலியா என்னும் நாட்களும் கல்லறைகளுக்கு வழங்கப்பட்டன. தாம் இறந்த பின் ஆண்டுதோறும் தம் கல்லறையில் ரோஜா வைப்பதற்கெனத் தொழிற்சங்கத்திடம் பணம் எழுதிவைத்தவர்களின் கல்வெட்டுகள் வட இத்தாலியில் பல கிடைத்துள்ளன. இப்பூக்கள் விருந்து மாலைகளிலும் இருந்தவைதாம். எனினும் இறந்தவர்க்கென்று நாள் குறித்து வைக்கப்பட்ட பூக்கள் இவையே. ஆகவே வாசல் சைப்ரஸும் கல்லறை வயலெட்டும் முன்நிற்க, பிசின்கள் பின்னே தங்கும் கலவையே ரோமானியத் துக்கத்துக்கு மிக நெருக்கமானது என்று கருத இடமுண்டு.

ரோமானியர் இம்மணங்களை எவ்வாறு எடுத்தனர் என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. சாராயத்தில் கரைத்த வாசனை அவர்கள் அறியாதது. பழுக்காத ஆலிவிலிருந்து எடுத்த எண்ணெய் போன்றவற்றில் பூவையும் வேரையும் பிசினையும் ஊறவைத்தும் மெதுவாகச் சூடாக்கியும் மணத்தை எண்ணெய்க்கு ஏற்றினர். கப்புவா நகரில் செப்லாசியா என்னும் தெரு இத்தொழிலுக்குப் பேர்பெற்றிருந்தது. முத்தும் மணியும் வாரிசுக்குப் போய்ச் சேரும், ஆடை சில காலம் நிற்கும், தைலமோ பூசிய உடனே அழிந்துவிடும் என்பதனால் ஆடம்பரங்களுள் இதுவே மிக வீணானது என்று பிளினி கருதினார். ரோமானியக் கல்லறைகளில் ஏராளமாகக் கிடைக்கும் சிறு கண்ணாடிக் குப்பிகள் அத்தைலங்களுக்கு உரியவை. துக்கப்பட்டவர்களின் கண்ணீரைப் பிடித்துவைத்த குப்பிகள் அவை என்று முற்காலப் பழம்பொருள் சேகரிப்பாளர்கள் பரப்பிய கதைக்கு ஆதாரம் இல்லை.

பிளினியின் கணிப்புக்கு மாறாக ஒரு தைலம் இரண்டாயிரம் ஆண்டு தங்கியிருந்தது. 2019இல் தென் ஸ்பெயினின் கார்மோனா நகரில் ஒரு வீட்டைச் செப்பனிடும்போது தரைக்கு அடியில் கி.பி. முதல் நூற்றாண்டுக் குடும்பக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அதன் எட்டு மாடங்களில் ஆறில் அஸ்திக் கலசங்கள் இருந்தன. ஒன்றில், ஈய உறைக்குள் இருந்த கண்ணாடிக் கலசத்தில் 30 முதல் 40 வயது வரையுள்ள ஒரு பெண்ணின் எரிந்த எலும்புகளோடு, மூன்று அம்பர் மணிகளும், துணிப்பை ஒன்றின் எச்சமும், படிகக் கல்லில் குடைந்த சிறு குப்பியும் கிடந்தன. குப்பியின் வாய் டோலமைட் என்னும் கல்லால் ஆன மூடியால் அடைக்கப்பட்டு, நிலக்கீல் கொண்டு காற்றுப் புகாதபடி பூசப்பட்டிருந்ததனால், உள்ளிருந்தது கெட்டிப்பட்ட நிலையில் எஞ்சியிருந்தது. கார்டோபா பல்கலைக்கழக வேதியியலார் அதனைப் பகுத்து 2023இல் வெளியிட்ட முடிவு, தாவர எண்ணெயில் பச்சோலி கலந்த தைலம் அது என்பது. ஆசியாவின் வெப்ப நாடுகளில் வளரும் அச்செடியின் ஈர மண் போன்ற கனத்த மணம் ரோமானியரின் பயன்பாட்டில் இருந்தது என்பதற்கு அதுவரை சான்று இல்லை.

இன்று இம்மணங்களைக் கட்டுபவரின் முன் வேறு சிக்கல்கள் உள்ளன. சைப்ரஸ் எளிது: இலையும் இளங்கிளையும் நீராவியில் வடிக்கப்பட்டுத் தரும் எண்ணெய், பைன் மரத்தை ஒத்த கூர்மையோடு தொடங்கிப் பின்னர் உலர்ந்த மரவாடையாக அடங்கும். ஆனால் வயலெட் பூ பயன்படும் அளவுக்கு எண்ணெய் தருவதில்லை. அதன் மணத்துக்குக் காரணமான அயனோன் என்னும் சேர்மங்களை 1893இல் டீமன், குரூகர் என்ற ஜெர்மானிய வேதியியலார் இருவர் எலுமிச்சைப்புல் எண்ணெயில் உள்ள சிட்ராலைக் கொண்டு செயற்கையாக ஆக்கிக் காட்டினர். இன்றைய வயலெட் வாசனைகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. ரோமானியர்க்கே பழக்கமான மாற்று ஒன்றும் உண்டு: ஐரிஸ் செடியின் கிழங்கு, ஆண்டுக்கணக்கில் உலர்த்தி வைத்த பின் வயலெட்டை ஒத்த மாவு மணம் கொள்ளும். மூலிகைப் பக்கத்துக்குச் செலரி விதையின் எண்ணெய் பொருந்தும். செலரி இறந்தவர்க்குரிய விருந்துகளுக்கு ஒதுக்கப்பட்டதென்று கருதி உண்ணாதிருந்தோரைப் பற்றிப் பிளினி குறிப்பிட்டுள்ளதனால், அந்தக் கசந்த பச்சை வாடைக்கு வரலாற்று நியாயமும் இருக்கிறது.

இத்தகைய கலவையை அணியும்போது முதலில் எழுவது விரைவாக ஆவியாகும் சைப்ரஸும் செலரியும். இதனை முதல் மணம் என்பர். சிறிது நேரத்தில் நடு மணமாக வயலெட்டும் ரோஜாவும் மேலெழும்; இறுதியில் அடி மணமாகப் பிசின்களும் பச்சோலியும் மணிக்கணக்கில் தோலில் நிற்கும். அயனோன் மூக்கின் உணர்வை விரைவில் சோர்வடையச் செய்வதனால், வயலெட் மணம் மறைந்துவிட்டதாகத் தோன்றிச் சற்று நேரத்தில் மீண்டும் தென்படும். அதனைத் தரக்குறைவு என்று எண்ணி மேலும் மேலும் பூசிக்கொள்வது அணிபவருக்குத் தெரியாமலே அருகிருப்போரைத் திணறச் செய்யும். முதல் சில நிமிடங்களின் கசப்பைக் கொண்டு இவ்வகை வாசனையை ஒதுக்கிவிடுவதும் சரியன்று. பூக்கள் மேலே வரும் வரையிலாவது காத்திருந்தே அதனைத் தேர வேண்டும். சாராயக் கலவையாகத் தெளிக்கும் வடிவம் அறை முழுதும் பரவுவது. எண்ணெய்த் தைல வடிவமோ தோலை ஒட்டியே நின்று மெதுவாக மணம் விடுவது. ரோமானியர் பூசியதும் கார்மோனாக் குப்பியில் கெட்டிப்பட்டிருந்ததும் எண்ணெய்த் தைலமே என்பதனால், இரண்டும் விற்பனையில் இருக்கும் இடத்தில் தைலத்தையே வாங்கி, மணிக்கட்டிலும் கழுத்தடியிலும் ஒவ்வொரு துளி தடவிக்கொள்வது பொருத்தமாகும்.