சங்கிலி ரம்பத்தின் எஞ்சினில் காற்றுக் கசிவு

பொதுச் சொத்தாக வாங்கிய ஓர் இயந்திரம் கெட்டுப்போனால், பண நஷ்டத்தைக் காட்டிலும் அங்கத்தினர்களுக்குள் உண்டாகும் மனத்தாங்கலே சங்கத்துக்கு அதிகக் கேடு விளைவிக்கும். மரம் அறுக்கும் மெஷின் என்று கிராமங்களில் வழங்கும் சங்கிலி ரம்பம் இதற்குத் தக்க உதாரணம். அது ஒரு நாள் அறுத்துக்கொண்டிருக்கும்பொழுதே இறுகி நின்றுவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் வரிவரியாகக் கீறுண்டிருக்கிறது. கடைசியாக அதை வாங்கிச் சென்றவர் பெட்ரோலில் ஆயில் கலவாமல் ஓட்டிவிட்டார் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொல்லி, பழுதின் செலவை அவர் தலையில் சுமத்துகிறார்கள். அவரோ ஆயிலைச் சரியாகவே கலந்திருக்கலாம். பழைய எஞ்சினில் எங்கேனும் ஓரிடத்தில் வெளிக்காற்றுப் புகுந்தாலும் பிஸ்டன் ஏறக்குறைய அவ்விதமே கெடும். உண்மைக் காரணம் எது என்பதைச் சோதித்து அறிய வழி உண்டு. அதற்கு ஒரு சிறு கைப்பம்பும் சோப்பு நீரும் பொறுமையும் இருந்தால் போதும்.

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ம் தேதி வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. விழுந்த மரங்களை அறுத்து வழி திறப்பதில் இவ்வகை மெஷின்கள் பெரிதும் உதவின. அக்காலத்தில் வாங்கிய மெஷின் எதுவாயினும், இன்று அதன் ரப்பர் உறுப்புகள் மூப்படைந்திருக்கும். வருஷத்தில் பல மாதம் சும்மா கிடந்து, புயல் வந்த மறுநாள் மட்டும் இடைவிடாது ஓடும் மெஷினுக்கு இந்த மூப்பு சீக்கிரம் வருகிறது. ஆகையால் மெஷின் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கத்தாரும் இவ்விஷயத்தை அறிந்திருப்பது நலம்.

எஞ்சின் மூச்சு விடும் விதம்

சங்கிலி ரம்பத்தில் உள்ளது பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். இதன் அடியில் உள்ள கிராங்குப் பெட்டி, கொல்லன் உலையின் துருத்தியைப் போல வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்பொழுது பெட்டிக்குள் வெறுமை உண்டாகி, கார்புரேட்டர் வழியே பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே வரும்பொழுது அக்கலவை அழுத்தப்பட்டு, பக்கத் துவாரங்களின் வழியே சிலிண்டருக்குள் ஏறுகிறது. நிமிஷத்துக்கு 12,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் இவ்வாறு விநாடிக்கு 200 தடவை இழுப்பும் அழுத்தமும் மாறிமாறி நிகழ்கின்றன.

துருத்தியில் ஓட்டை விழுந்தால் உலை எரியாது. எஞ்சினில் ஓட்டை விழுந்தாலோ நேர் எதிராக, உலை மிஞ்சி எரியும். காரணம் இது: ஓட்டை வழியே புகும் காற்று கார்புரேட்டரைக் கடந்து வருவதன்று, ஆதலால் அது தன்னோடு பெட்ரோலைக் கொண்டுவருவதில்லை. கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. இவ்வகை எஞ்சினுக்குத் தனியே ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயிலே பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வழுவழுப்பைத் தருகிறது. பெட்ரோல் குறையும்பொழுது ஆயிலும் குறைகிறது, உஷ்ணமோ ஏறுகிறது. இவ்விரண்டும் கூடியே பிஸ்டனைச் சிலிண்டரோடு பற்றவைக்கின்றன. அளவு பார்த்து ஆயில் கலந்தவர் மீதும் பழி விழுவதற்கு இதுவே காரணம்.

அறிகுறிகள்

கசிவுள்ள எஞ்சின் திடீரென்று கெடுவதில்லை; முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடுகிறது. ரேஸ் விசையை விட்ட பிறகும் ஓட்டம் உடனே தணியாமல் சற்று நேரம் வேகமாகவே ஓடுவது முதல் அறிகுறி. வெற்றோட்டத்தில் வேகம் தானாகவே ஏறி இறங்குவது இரண்டாவது. இவ்வோட்டம் சாதாரணமாக நிமிஷத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்று வரை ஒரே நிலையாக இருக்க வேண்டும். வேகம் மிஞ்சினால் கிளட்ச் பற்றி, விசையைத் தொடாதபொழுதே சங்கிலி சுழலும். இது கையையும் காலையும் இழக்கச் செய்யும் அபாயம். மெஷினை இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்க்கும்பொழுது ஓட்டத்தின் ஒலி மாறுவது மூன்றாவது அறிகுறி. பேரிங் தேய்ந்து, கிராங்குத் தண்டு அசைந்து, சீல் இடம் விடும் எஞ்சினில் இது காணப்படும். காலையில் சரியாக ஓடிய மெஷின் சூடேறிய பின் தாறுமாறாக ஓடுவது நான்காவது.

இவ்வறிகுறிகளைக் கண்டதும் கார்புரேட்டரின் திருகைத் திறந்து பெட்ரோலைக் கூட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. சில நாள் மெஷின் நன்றாக ஓடுவது போலத் தோன்றும். ஆனால் கசிவு ஒரே அளவில் நிற்பதன்று; சூட்டாலும் அதிர்ச்சியாலும் வளர்வது. ஒரு வேகத்துக்குச் சரியாக வைத்த திருகு வேறு வேகத்துக்குச் சரிப்படாது. திருகைத் திறப்பது காய்ச்சலின் காரணத்தைப் பாராமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதற்கு ஒப்பாகும்.

முதலில் விலக்க வேண்டிய ஐயங்கள்

பெட்ரோல் தடைப்பட்டாலும் இதே அறிகுறிகள் தோன்றக்கூடும். ஆதலால் எஞ்சினைத் திறப்பதற்கு முன் பெட்ரோல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். தொட்டிக்குள் உள்ள வடிகட்டி அடைத்திருக்கிறதா, ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, தொட்டி மூச்சு விடும் துவாரம் மூடியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சில நிமிஷம் ஓடி நின்ற மெஷின், தொட்டி மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடினால், குற்றம் பெரும்பாலும் அத்துவாரத்தில்தான். கார்புரேட்டரின் டயாபிரம் விறைத்துப் போயிருந்தாலும் பெட்ரோல் குறையும். இவை எல்லாம் சிறு செலவில் தீர்வன.

கசியும் இடங்கள்

பெட்ரோல் வழி சரியாக இருந்தால், காற்றுப் புகக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர்க் கழுத்து. கார்புரேட்டரின் டயாபிரமை அசைக்கும் துடிப்புக் குழாய். சிலிண்டரின் அடியிலுள்ள கேஸ்கட். கிராங்குப் பெட்டியின் இரு பாதிகளும் சேருமிடம். கிராங்குத் தண்டின் இரு முனைகளிலும், அதாவது பிளைவீல் பக்கத்திலும் கிளட்ச் பக்கத்திலும் உள்ள ஆயில் சீல்கள் ஆகியவையே அவ்விடங்கள். பழைய மெஷினில் ரப்பர்க் கழுத்தும் ஆயில் சீல்களுமே முதலில் சந்தேகிக்கத் தக்கவை. ரப்பர்க் கழுத்தின் வெடிப்பு சில சமயம் வளைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஓடும் எஞ்சினின் மேல் பெட்ரோலைத் தெளித்து, ஓட்டம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் சிலர் உண்டு. சூடேறிய சைலன்சருக்கு அருகில் இவ்விதம் செய்வது தீ விபத்துக்கு இடமாகும். இதை அறவே விலக்க வேண்டும்.

அழுத்திச் சோதித்தல்

சரியான சோதனை எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டுச் செய்வது. கார்புரேட்டரைக் கழற்றி அவ்வாயை இறுக அடைக்க வேண்டும். சைலன்சரைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர்த் துண்டை வைத்து, சைலன்சரை மீண்டும் முடுக்கினால் புகைவாய் அடைபடும். ஸ்பார்க் பிளக் இறுக்கமாக இருக்க வேண்டும். பின்பு துடிப்புக் குழாயின் வழியில் அளவுமானி பொருத்திய கைப்பம்பை இணைத்து, 0.5 பார், அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 7 ராத்தல் அழுத்தம் ஏற்றி நிறுத்த வேண்டும். லாரிப் பட்டறையில் உள்ள பெரிய காற்று மெஷினை இதற்கு உபயோகிக்கலாகாது. அது நல்ல சீலையும் பிதுக்கிவிடும்.

முள் குறைந்தது 20 விநாடி அசையாமல் நின்றால் அழுத்தத்துக்குக் குறைவில்லை. முள் இறங்கினால், பஞ்சர் ஒட்டுபவர் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பது போல, மேற்சொன்ன இடங்களில் சோப்பு நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழும் இடமே கசியும் இடம். அடைப்பிலேயே குமிழி எழுந்தால் அதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். பல மெஷின்களில் பிஸ்டன் கீழே இருக்கும்பொழுது கலவை நுழையும் வாயை அதுவே மூடிக்கொள்ளும். அப்பொழுது ரப்பர்க் கழுத்துச் சோதனைக்கு உட்படாது. ஆகையால் பிளைவீலைக் கையால் மெல்லத் திருப்பி, பிஸ்டன் மேலே உள்ளபொழுது ஒரு தடவையும், கீழே உள்ளபொழுது ஒரு தடவையும் பார்க்க வேண்டும்.

உறிஞ்சிச் சோதித்தல்

அழுத்தச் சோதனையில் தேறியதும் வேலை முடிந்ததாக எண்ணுவது பெருந்தவறு. ஆயில் சீலின் உதடு உட்பக்கம் நோக்கி அமைந்தது. உள்ளிருந்து அழுத்தும்பொழுது அது தண்டின் மேல் நன்றாகப் படிந்துகொள்கிறது. உள்ளே வெறுமை உண்டாகும்பொழுது தண்டை விட்டு விலகுகிறது. ஆதலால் தேய்ந்த சீல் அழுத்தச் சோதனையில் நல்லது போல நடித்து, ஓட்டத்தில் காற்றை உள்ளே விடும்.

அதே பம்பை உறிஞ்சும்படி மாற்றி, 0.5 பார் அளவு வெறுமை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். 20 விநாடிக்குள் அது 0.3 பாருக்குக் கீழே போகாமல் இருந்தால் சீல்கள் நன்றாயிருக்கின்றன என்று கொள்ளலாம். சீக்கிரம் மறைந்துவிட்டால் சீல் கெட்டது என்று ஊகிக்கலாம். எந்தப் பக்கத்துச் சீல் என்பதை அறிய, சீலின் ஓரத்தில் கெட்டியான ஆயிலைச் சில சொட்டு விட வேண்டும். ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, முள் இறங்குவதும் சற்று மட்டுப்பட்டால், குற்றம் அப்பக்கத்தில் என்பது தெளிவு. எஞ்சின் குளிர்ந்தபொழுது தேறிவிட்டாலும் ஐயம் நீங்காவிட்டால், சற்றுச் சூடாக இருக்கும்பொழுது மறுபடி சோதிக்க வேண்டும்.

பழுது பார்த்தல்

ரப்பர்க் கழுத்தையும் கேஸ்கட்டையும் மாற்றுவது எளிது. சீலை மாற்றுவதற்குப் பிளைவீலையோ கிளட்சையோ கழற்ற வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் கிளட்சின் மரை இடக்கை மரை. கடிகார முள் சுற்றும் திசையிலேயே அது கழலும். இதை அறியாமல் எதிர்ப்புறம் முறுக்கித் தண்டை ஒடித்தவர்கள் உண்டு. பழைய சீலைக் கிளப்பும்பொழுது தண்டில் கீறல் விழலாகாது. விழுந்தால் புதுச் சீலும் கசியும். புதுச் சீலின் உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, பொருத்தமான குழாய்த் துண்டை வைத்துச் சமமாக இறக்க வேண்டும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்பொழுது ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங்கை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு. வேலை முடிந்ததும் இரு சோதனைகளையும் மறுபடி செய்து, தேறிய பின்னரே கார்புரேட்டரின் திருகுகளைத் திருத்த வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியவை

ஆயில் கலக்கும் அளவை மெஷினோடு வந்த புத்தகத்தின்படி ஒரு தாளில் எழுதி, மெஷின் இருக்கும் அறையில் ஒட்டி வைக்க வேண்டும். 50-க்கு 1 என்று சொன்ன மெஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி லிட்டர். 25-க்கு 1 என்று சொன்ன பழைய மெஷினுக்கு 40 மில்லி லிட்டர். கலவையைச் சங்கமே தயாரித்து அளந்து கொடுத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. மெஷின் பல நாள் சும்மா இருக்கப்போகிறது என்றால் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட வேண்டும்.

மெஷினுக்கு ஒரு தனிப் புத்தகம் வைத்து, வாங்கிச் சென்றவர் பெயர், தேதி, கொடுத்த கலவையின் அளவு, திரும்பி வந்தபொழுது வெற்றோட்டம் இருந்த நிலை ஆகியவற்றைக் காரியதரிசி எழுதிவர வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு தடவையேனும் மேற்கூறிய இரு சோதனைகளையும் அங்கத்தினர் முன்னிலையில் நடத்தி, முள் நின்ற அளவை அப்புத்தகத்தில் பதிய வேண்டும். பிஸ்டன் இறுகிய மெஷினாக இருந்தாலும், எவர் மீதும் குற்றம் சாட்டுவதற்கு முன், அதைப் பிரித்துப் போடாமல் முதலில் பம்பை இணைத்துப் பார்க்க வேண்டும். பிரித்துவிட்ட பின் சாட்சி அழிந்துபோகும்.

சீல் ஒன்றின் விலை அற்பம். பிஸ்டனும் சிலிண்டரும் அப்படியல்ல. அவற்றையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். குற்றமற்ற ஓர் அங்கத்தினர் பொதுச் சபையில் தலைகுனிந்து அபராதம் செலுத்திச் சங்கத்தை விட்டு விலகிவிட்டால், அந்த நம்பிக்கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.