வெங்காயத் தோலும் வைஃபை பதிவும்

"டார் போட்டாச்சு, இனி யாருக்கும் தெரியாது" என்கிறார்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். டார் மென்பொருள் செய்தியை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகச் சங்கேதமாக்கி, பொதுவாக 3 கணினிகள் வழியே சுற்றி அனுப்பும். அனுப்பியவர் இருப்பிடம் மறையும், வாஸ்தவம். ஆனால் நாம் டாருக்குள் நுழைவது, இணைப்புத் தருபவருக்குப் பெரும்பாலும் தெரியும்.

2013 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவில், ஹார்வர்ட் மாணவர் ஒருவர் பரீட்சையைத் தவிர்க்க, டார் வழியே வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். 4 கட்டடங்கள் காலியாயின. (பரீட்சை பயம் எந்த ஊரிலும் ஒன்றுதான்!) மின்னஞ்சல் டாரிலிருந்து வந்தது புரிந்ததும், அதற்குச் சற்று முன் பல்கலைக்கழக வைஃபையில் டாரைத் திறந்தவர் யார் என்று பதிவேட்டைப் பார்த்தார்கள். அன்றே விசாரணை, அவரும் ஒப்புக்கொண்டார். டாரின் பூட்டை யாரும் உடைக்கவேயில்லை!

டாருக்குள் போய்ச் சொந்தப் பெயரில் ஜிமெயிலைத் திறந்தாலும் கதை ஏறக்குறைய இதேதான்.