துப்பாக்கி பறக்கிறது, தோட்டா மாட்டுகிறது

உரிமம் உள்ள ரைஃபிள் சத்தமில்லாமல் விமானம் ஏறிவிடும். மறந்துபோன ஒற்றைத் தோட்டாதான் போலீஸ் நிலையம் வரை இழுத்துச் செல்கிறது.

ஹௌராவை ஒட்டிய சாந்த்ராகாச்சியிலிருந்து தில்லியில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கிளம்புகிறவருக்கு ரயில் பக்கத்திலேயே இருக்கிறது. விமானம் என்றால் கோனா விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்து, வித்யாசாகர் பாலத்தைக் கடந்து, கொல்கத்தாவின் மறுகோடியில் உள்ள தம்தம் போக வேண்டும். அங்கே தொடங்குகிறது அசல் போட்டி.

வங்கத்தில் இது சிலரின் தலைவலி மட்டுமல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்த ஜாய்தீப் கர்மாகர், 2018 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்ற மெஹுலி கோஷ் இருவருமே இந்த மாநிலத்தவர்கள்தான். அவர்கள் வழியில் வரும் இளைஞர்கள் ஏராளம்.

விதி சிக்கலானதல்ல. துப்பாக்கி பயணியோடு கேபினுக்குள் வரக் கூடாது. கவுன்டரிலேயே அறிவித்து, உரிமத்தைக் காட்டி, தோட்டா இல்லாத நிலையில் பூட்டிய பெட்டியில் ஒப்படைத்தால் அது சரக்கு அறைக்குப் போகும். உரிமம் நாடு முழுவதற்குமா, சொந்த மாநிலத்துக்கு மட்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. தோட்டாக்களைத் தனியாகக் கட்ட வேண்டும். சர்வதேச விதிப்படி ஒரு பயணிக்கு உச்சவரம்பு 5 கிலோ. இருவர் பங்கை ஒரே பெட்டியில் சேர்க்க முடியாது. பாயின்ட் 22 தோட்டா என்றால் 5 கிலோவில் ஆயிரத்துக்கு மேல் அடங்கும். ஆனால் விமான நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையான வரம்பு வைக்கலாம். எனவே டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஏர் ரைஃபிள்காரர்களின் கதை வேறு. 2016-ன் ஆயுத விதிகள்படி, 20 ஜூலுக்கு மிகாத சக்தி கொண்ட பாயின்ட் 177 ரக ஏர் ரைஃபிளுக்கு உரிமமே தேவையில்லை. ஆனால் எக்ஸ்ரே திரையில் அதுவும் துப்பாக்கிதான்! போதாக்குறைக்கு அதன் காற்று உருளை. முழுதாக நிரப்பினால் சுமார் 200 பார் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ தொண்ணூறு மடங்கு. ஆகவே உருளையைக் கழற்றி, காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் கொண்டு போக வேண்டும்.

பாதுகாப்பு அதிகாரிகள் தோற்றத்தைக் கண்டே மிரள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1971 ஜனவரியில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு சென்ற ‘கங்கா’ விமானத்தை லாகூருக்குக் கடத்தியவர்களிடம் இருந்தது பொம்மைத் துப்பாக்கி. 1978 டிசம்பர் 20-ல் கொல்கத்தாவிலிருந்து லக்னோ வழியாகத் தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை வாரணாசிக்குத் திருப்பிய இரண்டு பாண்டேக்களிடமும் பொம்மைதான். கைதான இந்திரா காந்தியை விடுவிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1980-ல் காங்கிரஸ் இருவருக்கும் உத்தரப் பிரதேசத்தில் சீட் கொடுத்தது, இருவரும் எம்.எல்.ஏ. ஆனார்கள் என்பது தனிக் கதை.

ஆனால் இன்று விமான நிலையங்களில் அடிக்கடி பிடிபடுவது துப்பாக்கியல்ல, தோட்டா. அப்பாவிடமோ மாமாவிடமோ இரவல் வாங்கிய பை. அதன் ஓரத் தையலுக்குள் எப்போதோ நழுவிய ஒன்று. எக்ஸ்ரே விடுவதில்லை. பயணி உள்ளூர் போலீசிடம் ஒப்படைக்கப்படுகிறார். 1959-ன் ஆயுதச் சட்டம் 25-வது பிரிவு பாய்கிறது. ‘வைத்திருப்பது’ என்றால் அது தன்னிடம் இருப்பதை அறிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது. அதன் அடிப்படையில் ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அதற்குள் வக்கீல், ஜாமீன், வாய்தா என்று பயணி அலைந்து முடித்திருப்பார்.

துப்பாக்கி சுடுகிறவர்களுக்கும் இதில் விலக்கில்லை. ரைஃபிளை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, பயிற்சிக்குப் போட்ட ஜாக்கெட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு வருகிறவர் அதன் பாக்கெட்டை ஒருமுறை உதறிப் பார்த்திருக்க வேண்டும்.